ஸ்பார்க் பிளக் செக் பண்றப்போ பண்ணக்கூடாத வேலைங்க

வண்டி மிஸ்ஸிங் அடிச்சா, அதாவது ஏதோ ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாம இன்ஜின் விட்டு விட்டு ஓடுனா, முதல்ல எல்லாரும் கை வைக்கிறது பிளக்லதான். அது சரிதான், ஆனா செக் பண்றேன்னு இறங்கி நல்லா இருந்த இன்ஜின் ஹெட்டையும், பிளக்குக்கு கரண்ட் கொடுக்குற காயிலையும் கெடுத்து வைக்கிறதுதான் பெரிய கூத்து.

ஓட்டிட்டு வந்ததும் சூட்டோட சூடா பிளக்கை கழட்டாதீங்க. இப்போ வர்ற ஹெட் எல்லாம் அலுமினியம், சூட்டுல த்ரெட்டு (மரை) பிளக்கோட சேர்ந்து உரிஞ்சு வந்துடும், அப்புறம் ஹெலிகாயில் (போன த்ரெட்டுக்குப் பதிலா வைக்கிற கம்பிச் சுருள்) போடுற செலவுல பத்து செட்டு பிளக் வாங்கலாம். காயிலை எடுத்ததும் பிளக் உக்காந்திருக்குற குழிக்குள்ள ஏர் அடிச்சிடுங்க, இல்லன்னா அங்க கெடக்குற மண்ணு நேரா சிலிண்டருக்குள்ளதான் போகும்.

கழட்டுனதை எல்லாம் ஒரே டப்பால போட்டுட்டா எது எந்த சிலிண்டர்னே தெரியாம போயிடும், வரிசையா வைங்க. நுனி லேசான பழுப்போ சாம்பல் கலரோ இருந்தா பிரச்சனை இல்ல. காஞ்ச கரி இருந்தா உடனே இன்ஜெக்டர் போச்சுன்னு முடிவு கட்டாதீங்க, தினமும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடுற வண்டிலயும் கரி புடிக்கும். எண்ணெய் இருந்தா எங்க இருக்குன்னு பாருங்க: நுனியில இருந்தா பிஸ்டன் ரிங், வால்வு சீல் பக்கம் போகணும், மேல பீங்கான்ல மட்டும் இருந்தா வால்வு கவர் கேஸ்கெட்டோ குழியோட சீலோ கசியுது, ரெண்டுக்கும் செலவு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சிஎன்ஜி வண்டில நுனி இன்னும் வெளுப்பாதான் இருக்கும், அதைப் பாத்து பயப்பட வேணாம்.

வெள்ளை பீங்கான் இரும்போட சேர்ற இடத்துல பழுப்பா ஒரு வளையம் தெரியும், அதைக் காட்டி கேஸ் லீக்குன்னு சொல்வாங்க. லீக்கெல்லாம் இல்ல, ஹை வோல்டேஜ் சுத்தி இருக்குற எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்ட வச்ச கறைதான் அது. ஆனா பென்சில்ல கிழிச்ச மாதிரி மேலருந்து கீழ ஒரு கருப்புக் கோடு இருந்தா கரண்ட் வெளியவே தாவுதுன்னு அர்த்தம், பிளக்கோட, காயில்ல இருந்து பிளக் மேல மாட்டுற ரப்பர் உறையையும் (பூட்) சேர்த்து மாத்துங்க.

பிளக்கை பாடில வச்சு செல்ஃப் அடிச்சு பாக்குற பழைய டெஸ்ட்டை, இந்த மாதிரி பிளக் மேலேயே காயில் இருக்குற வண்டிகள்ல விட்டுடுங்க. வெளிக்காத்துல நீலமா அடிக்கிற ஸ்பார்க் உள்ள கம்ப்ரஷன்ல அடிக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல, அங்க தேவைப்படுற வோல்டேஜ் ரொம்ப அதிகம். எர்த் சரியா சேரலன்னா காயில் போகும், தொறந்த ஓட்டைல வர்ற பெட்ரோல் ஆவி குப்புன்னு புடிச்சாலும் புடிக்கும். ஸ்கேனர்ல பி0302-ன்னு எரர் கோட் வந்தா ரெண்டாவது சிலிண்டர்ல மிஸ்ஸிங், அந்த பிளக்கை மூணாவதுல மாத்திப் போட்டு, ஸ்கேனர்ல அந்த எரர் கோடை அழிச்சுட்டு ஓட்டுங்க. பி0303 வந்தா பிளக்தான், மறுபடி 0302 தான் வருதுன்னா அடுத்து காயிலை மாத்திப் பாருங்க. ரெசிஸ்டர் பிளக்னா மல்டிமீட்டர்ல பொதுவா 5 கிலோ ஓம் பக்கத்துல காட்டும், ஓப்பன்னு (உள்ள இணைப்பு அறுந்துபோச்சுன்னு) காட்டுனா குப்பைதான்.

இரிடியம் பிளக்ல வயர் பிரஷ், எமரி ஷீட் எதுவும் வேணாம், நுனி 0.4 இல்லன்னா 0.6 மில்லிமீட்டர் கனம்தான், கேப் (ஸ்பார்க் தாவுற இடைவெளி) பாக்குறேன்னு நெம்புனாலே உடைஞ்சிடும். கீழ விழுந்த பிளக்கையும் திரும்பப் போடாதீங்க, உள்ள விட்ட கீறல் வெளிய தெரியாது.

மாட்டும்போது முதல்ல கையாலதான் சுத்தணும், பிளக் தலைல ஒரு ரப்பர் ட்யூப் சொருகி சுத்துனா த்ரெட்டு கோணலா ஏறாது. வாஷர் வச்ச புது பிளக்கை கையால முட்டுற வரைக்கும் சுத்திட்டு ஸ்பேனர்ல அரைச் சுத்து, மிஞ்சிப்போனா இன்னும் கொஞ்சம், டார்க் ரெஞ்ச் (இறுக்குற அளவைக் காட்டுற ஸ்பேனர்) இருந்தா 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு சுமாரா 25 நியூட்டன் மீட்டர், சரியான கணக்கு மேனுவல்ல இருக்கும். த்ரெட்ல கிரீஸ் தடவிட்டு அதே அளவு இறுக்குனா ஓவர் டைட் ஆயிடும்.