அரசு நிறுவனம் விற்ற கடனுக்குக் கணக்கு கேட்பது எப்படி?

டப்ளினில் கடன் தொகுப்புகளுக்கு மதிப்புப் போடும் வேலை பார்க்கிறேன். வேலை அனுமதியில் இங்கே இருக்கும் நம்மவர்கள் பலர், "நமக்கு ஓட்டே இல்லையே, நாம் போய் என்ன கேட்பது?" என்கிறார்கள். நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு இல்லைதான். ஆனால் அயர்லாந்தின் தகவல் உரிமைச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம், குடியுரிமை தேவையில்லை. வரி கட்டுகிறோம், அந்தப் பணம் எங்கே போனது என்று கேட்க வேண்டியதுதான். எப்படிக் கேட்பது என்று பழக 'ப்ராஜெக்ட் ஈகிள்' விற்பனையை எடுத்துக்கொள்ளுங்கள்.

வங்கிகள் சரிந்தபோது, 2009-ல் சட்டம் போட்டு நாமா என்ற அரசு நிறுவனத்தை உருவாக்கினார்கள். வங்கிகளிடமிருந்து 7,400 கோடி யூரோ முகமதிப்புள்ள (அதாவது கடனாளிகள் திருப்பித் தர வேண்டிய முழுத் தொகை) நில, கட்டடக் கடன்களை அது 3,180 கோடிக்கு வாங்கியது. அவற்றில் வட அயர்லாந்துக் கடனாளிகளின் கடன்களை மட்டும் ஒரே மூட்டையாகக் கட்டி, 2014 ஏப்ரலில் அமெரிக்க நிதி நிறுவனமான செர்பரஸுக்கு விற்றது. இதுதான் ப்ராஜெக்ட் ஈகிள். முகமதிப்பு சுமார் 450 கோடி பவுண்டு, விற்ற விலை சுமார் 130 கோடி.

முதல் பாடம் இங்கேயே இருக்கிறது. 450-க்கும் 130-க்கும் உள்ள இடைவெளியைப் பிடித்துக்கொண்டு அமைச்சரிடம் போகாதீர்கள். அந்த நஷ்டத்தில் பெரும்பகுதி, கடன் வங்கியில் இருந்தபோதே நடந்துவிட்டது. "விற்காமல் வைத்திருந்தால் எவ்வளவு வசூலாகும் என்று உங்கள் கணக்கே சொன்னது?" என்று கேளுங்கள். நாமாவின் சொந்த வசூல் கணிப்பை அதன் வழக்கமான 5.5 சதவீதத் தள்ளுபடி விகிதத்தில் (பின்னால் வரும் பணத்தை வருடத்துக்கு இவ்வளவு என்று குறைத்துப் பார்க்கும் விகிதம்) இன்றைய மதிப்புக்கு மாற்றினால் சுமார் 149 கோடி பவுண்டு வந்தது. அது விற்பனைக்கு வைத்த குறைந்தபட்ச விலையோ 130 கோடி. இதை வைத்துத்தான் தலைமைத் தணிக்கையாளர் 2016 செப்டம்பர் அறிக்கையில், 19 கோடி பவுண்டு வரை அரசுக்கு இழப்பு நேர்ந்திருக்கக்கூடும் என்றார். நாமா இதை ஏற்கவில்லை. சந்தையில் வாங்குபவர் வருடத்துக்கு 10 சதவீத லாபமாவது எதிர்பார்ப்பார், அதனால் அந்த விகிதமே சரி என்றது.

இந்த விகிதம் என்ன செய்யும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஐந்து வருடம் கழித்து வரப்போகும் 100 பவுண்டு, 5.5 சதவீதத்தில் இன்று 76.5 பவுண்டு. 10 சதவீதத்தில் 62. கட்டடம் அதேதான், கடனாளியும் அதே ஆள்தான், விகிதத்தை மாற்றியதிலேயே 14 பவுண்டு காணாமல் போகிறது. அதனால் எந்த விற்பனையானாலும் நான் முதலில் தேடுவது இந்த மூன்றும்: எந்த விகிதம், அதை யார் தீர்மானித்தார்கள், எந்தக் கூட்டக் குறிப்பில் அது இருக்கிறது.

அப்புறம் ஒரு தாளில் தேதிகளை வரிசையாக எழுதுங்கள். இந்த விற்பனையில் என் தாள் இப்படி இருக்கும். 2014 மார்ச்சில், கடன்களை வாங்கப் போட்டியிட்ட பிம்கோ என்ற நிறுவனம் விலகியது. விற்பனை முடிந்தால் பிம்கோ தர வேண்டிய 1.5 கோடி பவுண்டு கட்டணத்தில் நாமாவின் வட அயர்லாந்து ஆலோசனைக் குழுவில் இருந்த ஒருவருக்கும் பங்கு உண்டு என்ற ஏற்பாடு தெரியவந்தது. நாமா இதை நிதியமைச்சருக்குத் தெரிவித்தது. விற்பனை நிற்கவில்லை. மார்ச் 31 அன்று நிதியமைச்சர் மைக்கேல் நூனன் செர்பரஸ் நிறுவனத்தாரைச் சந்தித்தார். ஏலத்தின் கடைசி நாள் ஏப்ரல் 1. இந்தச் சந்திப்பு நடைமுறைப்படி பொருத்தமானதல்ல என்று நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 2017 மார்ச்சில் எழுதியது. நூனன் அதைக் கடுமையாக மறுத்தார், அவருடைய கட்சி உறுப்பினர்களும் அந்தப் பகுதியை ஏற்கவில்லை. இரண்டு பக்கத்தையும் தாளில் எழுதுங்கள். தேதி வரிசை முன்னால் இருந்தால் சுற்றி வளைத்துப் பதில் சொல்வது யாருக்கும் கஷ்டம்.

குற்றச்சாட்டையும் நிரூபணத்தையும் மட்டும் கலக்காதீர்கள். 2015 ஜூலையில் மிக் வாலஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், இந்த விற்பனை தொடர்பாக ஒரு வெளிநாட்டுக் கணக்கில் அரசியல்வாதிக்காக 70 லட்சம் பவுண்டு ஒதுக்கப்பட்டதாக அவையில் பேசினார். அவைக்குள் பேசுவதற்கு அவதூறு வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. விஷயத்தை வெளியே கொண்டுவர அந்தப் பாதுகாப்பு மிகவும் தேவை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் அதை 'அவர் அவையில் சொன்னது' என்றுதான் எழுத வேண்டும்.

இனி கேட்கும் வழி. உங்கள் தொகுதி உறுப்பினர்கள் மக்களைச் சந்திக்க நேரம் ஒதுக்குவார்கள். அதை இங்கே கிளினிக் என்பார்கள். நேரில் போய், நாடாளுமன்றத்தில் எழுத்துக் கேள்வி போடச் சொல்லுங்கள். எதிர்க்கட்சி ஆளாக இருந்தால் பெரும்பாலும் உடனே ஒத்துக்கொள்வார். "ஏன் மலிவாக விற்றீர்கள்?" என்று கேள்வியை அமைத்தால், "அது நிறுவன வாரியத்தின் முடிவு" என்று ஒரு வரியில் பதில் வரும். அமைச்சரின் சொந்தச் செயலைக் கேளுங்கள்: "போட்டியாளர் விலகிய காரணம் அமைச்சருக்கு எந்தத் தேதியில் தெரிந்தது? அதன்பின் அவர் நிறுவனத்துக்கு எழுத்தில் என்ன சொன்னார்?" நாமா சட்டத்தின் 14-ஆம் பிரிவு, நிறுவனத்துக்கு உத்தரவிடும் அதிகாரத்தை அமைச்சருக்குத் தந்திருந்தது. அந்தப் பிரிவைக் கேள்வியிலேயே சுட்டிக்காட்டுங்கள். பதில் நாடாளுமன்ற இணையதளத்தில் எல்லோருக்கும் தெரியும்படி வந்துவிடும்.

பதில் போதவில்லை என்றால் நிதித்துறைக்குத் தகவல் மனு. மனுப் போடக் கட்டணம் இல்லை, நான்கு வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். 'விற்பனை பற்றிய எல்லா ஆவணங்களும்' என்று கேட்டால் அதிக வேலை என்று தள்ளிவிடுவார்கள். 2014 மார்ச் 10 முதல் ஏப்ரல் 10 வரை அமைச்சரின் சந்திப்பு நாட்குறிப்பு, சந்திப்புக்கு முன் தயாரித்த குறிப்பு, பின் எழுதிய குறிப்பு என்று குறுக்கிக் கேளுங்கள். தனிப்பட்ட கடனாளியின் விவரம் கிடைக்காது, அதைக் கேட்டு மனுவை வீணாக்க வேண்டாம். மறுத்தால் உள் மறுபரிசீலனைக்கு 30 யூரோ, அதிலும் மறுத்தால் தகவல் ஆணையரிடம் மேல்முறையீட்டுக்கு 50 யூரோ. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து போட்டுக்கொள்ளுங்கள். மனுவில் பெயர் மட்டும் ஒருவருடையதாக இருக்கட்டும். வரும் ஆவணத்தில் கருப்பு மை பூசிய வரிகள் இருக்கும். ஒவ்வொன்றும் எந்தச் சட்டப் பிரிவின்படி மறைக்கப்பட்டது என்ற பட்டியலையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள், மேல்முறையீட்டுக்கு அதுதான் ஆதாரம்.