கேஸ் நிரப்பும் முன் வலையைக் கழுவுங்கள்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் சென்னையில் ஏசி மெக்கானிக் அழைத்த அன்றே வருவது அரிது என்பதால், பராமரிப்பு வேலைகளை மாசி மாதத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. பெரும்பாலான வீடுகளில் இருப்பது சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி. இங்கே சொல்வதெல்லாம் அதற்கே பொருந்தும். எதில் கைவைப்பதாக இருந்தாலும் ரிமோட்டில் அணைப்பது போதாது; மின்பெட்டியில் ஏசிக்குரிய எம்.சி.பி. சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும்.

முதல் வேலை, இன்டோர் யூனிட்டின் மூடியைத் தூக்கியதும் தெரியும் ஃபில்டர் வலைகளைக் கழுவுவது. ஏசி ஓடும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், தெருவில் கட்டட வேலை நடந்தால் வாரம் ஒருமுறையும் இதைச் செய்யலாம். தூசி படிந்த பக்கத்தில் தண்ணீரைப் பாய்ச்சினால் தூசி வலைக்கண்களுக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். ஆகவே பின்பக்கத்திலிருந்து பாய்ச்ச வேண்டும். வெந்நீரும் நேர்வெயிலும் பிளாஸ்டிக் சட்டத்தை நெளியச் செய்யும் என்பதால், நிழலில் நன்றாக உலரவிட்டு மாட்டுங்கள்.

இந்தச் சிறு வேலையைத் தள்ளிப்போடுவதால்தான் பல வீடுகளில் வீண்செலவு வருகிறது. வலை அடைபட்டால் அறையின் வெப்பக்காற்று, வலைக்குப் பின்னால் குளிரூட்டும் குழாய்ச் சுருளான காயிலைப் போதிய அளவு எட்டாது. காயில் மிகையாகக் குளிர்ந்து, அதன்மேல் படியும் ஈரம் பனிக்கட்டியாக உறைந்துவிடும். ஏசிக்குள் சுற்றும் குளிரூட்டும் வாயுவான கேஸ் குறைந்தாலும் இதேபோல் உறையும் என்பதால், வலையைப் பார்க்காமலே கேஸ் குறைந்துவிட்டதாக முடிவுகட்டுவோர் உண்டு. பனி கண்டால் குளிரூட்டலை நிறுத்தி, ஃபேன் மட்டும் ஓடும்படி வைத்து உருகவிடுங்கள். கத்தியால் சுரண்டினால் குழாயில் ஓட்டை விழலாம்.

கடலோர ஊர்களின் புழுக்கத்தில் ஒரு நாளிலேயே ஏசியிலிருந்து லிட்டர் கணக்கில் தண்ணீர் வடியும். அது விழும் தட்டில் வழவழப்பான பாசி சேர்ந்து டிரெய்ன் பைப்பை அடைத்தால், தண்ணீர் சுவர் வழியே அறைக்குள் இறங்கும். பைப் நெடுகிலும் கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். செடிகளுக்காக வாளியில் பிடிப்பவர்கள், பைப்பின் முனை தண்ணீருக்குள் மூழ்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தத் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் பழக்கமும் இருக்கிறது; காயிலின் தூசியும் உலோகத் துணுக்குகளும் கலந்த இந்த நீர், கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீருக்கு ஈடாகாது.

அவுட்டோர் யூனிட்டைச் சுற்றிக் காற்றோட்டம் வேண்டும். அதன்மேல் துணி உலர்த்துவதும், அழகுக்காகத் தகரம் அடித்து மூடுவதும் கூடாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற இடங்களில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரிப்பதால், அவற்றை அவ்வப்போது நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவலாம். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். மின்பகுதியின் மூடியைத் திறக்க வேண்டாம். மின்சாரத்தை அணைத்த பின்னும், மின்னூட்டத்தைச் சேமிக்கும் பாகமான கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

கேஸ், பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீரும் பொருளன்று. மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. ஆகவே ஆண்டுதோறும் நிரப்பச் சொல்பவரை நான் நம்புவதில்லை. கேஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. பெரும்பாலும் குழாய் இணைப்பிலோ அரித்துப்போன காயிலிலோ. முதலில் அதைக் கண்டுபிடித்து அடைத்து, குழாய்களிலிருந்து காற்றையும் ஈரத்தையும் வேக்யூம் பம்பால் வெளியேற்றிய பிறகே நிரப்ப வேண்டும். ஆர்22, ஆர்410ஏ, ஆர்32 ஆகிய கேஸ் வகைகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடவோ கலக்கவோ கூடாது. ஆர்32 தீப்பற்றக்கூடியது என்பதால் இது பயிற்சி பெற்றவர் செய்யவேண்டிய வேலை. யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் கேஸின் வகையும் எடையும் இருக்கும். அந்த அளவைத் தராசில் நிறுத்துப் போடச் சொல்லி, பில்லிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.