கையெழுத்துக்குப் பிறகு என்ன நடந்தது? ஒப்பந்தங்களைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கச்சத்தீவைப் பற்றிச் சண்டை வராத தேர்தல் தமிழ்நாட்டில் அபூர்வம். தீவை இலங்கையின் பக்கம் வைத்து எல்லை வகுத்த 1974 இந்திய–இலங்கை ஒப்பந்தத்திலிருந்து ஒரு தரப்பு ஒரு பிரிவை எடுத்துக் காட்டும். இன்னொரு தரப்பு, அப்போது யார் ஆட்சியில் இருந்தார்கள் என்று திருப்பிக் கேட்கும். ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தவர்கள் இரண்டு பக்கத்திலும் குறைவு. இத்தனைக்கும் அது சில பக்கங்களில் முடிந்துவிடும் ஆவணம்.

பள்ளிப் பாடம் நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் அப்படி. ஆண்டு, ஊர், கையெழுத்திட்டவர் பெயர்: கோடிட்ட இடத்தை நிரப்ப இவ்வளவு போதும். பிற்பாடு செய்தி படிக்கும்போதும் அதே பழக்கத்தோடுதான் படிக்கிறோம்.

கையெழுத்தான நாளையே முடிவாக எடுத்துக்கொள்வது

வீடு வாங்க அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டவர் அன்றைக்கே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாக வேண்டும். நாடுகளுக்கிடையிலும் இப்படி இரண்டு கட்டம் உண்டு. பிரதமரோ தூதரோ கையெழுத்திடுவது முதல் கட்டம். அந்தந்த நாட்டின் அரசியல் சட்டப்படி ஒப்புதல் கிடைத்து, ஒப்புதல் ஆவணங்களைப் பரிமாறிக்கொள்வது இரண்டாவது. பல ஒப்பந்தங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வருடக்கணக்கில் கிடந்திருக்கின்றன.

புதுச்சேரியை விட நல்ல உதாரணம் கிடைக்காது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆட்சிப் பகுதிகளை ஒப்படைக்கும் முறையான ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28 அன்று. சட்டப்படி அது நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. நடுவில் ஆறு வருடம் ஏன் போனது? பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தரவில்லை. பிரான்ஸின் பிடியிலிருந்த அல்ஜீரியாவில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். இந்த நிலையில் புதுச்சேரியைச் சட்டப்படி விட்டுக்கொடுப்பது தவறான முன்னுதாரணம் ஆகிவிடும் என்ற அச்சம் பாரிஸில் இருந்தது. 1962-இல் அல்ஜீரியா விடுதலை பெற்ற பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

அதனால்தான் புதுச்சேரியில் இரண்டு விழாக்கள்: நவம்பர் 1 விடுதலை நாள், ஆகஸ்ட் 16 சட்டப்படியான இணைப்பு நாள். இது வெறும் சம்பிரதாய வேறுபாடு என்று நினைத்தால் தவறு. அங்கே பிறந்து அங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள், ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவித்தால் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. அந்தக் கெடு 1954-இலிருந்தோ 1956-இலிருந்தோ ஓடவில்லை, 1962-இலிருந்துதான் ஓடியது. இன்றைக்கும் பிரெஞ்சுத் தேர்தலில் புதுச்சேரியிலிருந்தே வாக்களிக்கும் தமிழ்க் குடும்பங்கள் இருப்பதற்கு அந்த ஆறு மாதம் ஒரு முக்கியக் காரணம்.

இந்திரா காந்தி 1974-இல் இரண்டு எல்லை ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டார். மே மாதம் வங்கதேசத்துடன், ஜூன் மாதம் இலங்கையுடன். இலங்கையுடனான ஒப்பந்தம் அந்த ஆண்டே நடைமுறைக்கு வந்துவிட்டது. வங்கதேச ஒப்பந்தத்துக்கு 41 ஆண்டுகள் பிடித்தன. அரசியல் சட்டத்தின் 100-வது திருத்தம் நிறைவேறிய பிறகு, 2015 ஜூலை 31 நள்ளிரவில்தான் இரு நாடுகளும் தங்களுக்குள் சிக்கியிருந்த நிலத்துண்டுகளைக் கைமாற்றிக்கொண்டன. இந்தியப் பகுதியை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க வேண்டுமானால் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று, மேற்கு வங்கத்தின் பெருபாரிப் பகுதியைப் பாகிஸ்தானோடு பங்கிடும் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 1960-இலேயே கருத்துச் சொல்லியிருந்தது. அப்படியானால் கச்சத்தீவுக்கு ஏன் திருத்தம் வரவில்லை? உரிமை யாருக்கு என்பதே தகராறில் இருந்த இடம், அங்கே எல்லையை வரையறுத்தோமே தவிர எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது மத்திய அரசின் வாதம். அந்த வாதம் நிற்குமா என்று கேட்டு உச்ச நீதிமன்றத்துக்கே வழக்கு போனது. விவாதிக்க வேண்டிய இடம் என்று நான் நினைப்பது இதைத்தான். மேடைகளில் இது அதிகம் காதில் விழுவதில்லை.

கூடவே வந்த கடிதங்களை விட்டுவிடுவது

அடிக்கடி நடக்கும் தவறும் இதுதான், அதிக சேதம் செய்யும் தவறும் இதுதான்.

1974 ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்பு போலவே கச்சத்தீவுக்கு வந்துபோகலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்கிறது. அந்தோணியார் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்திலிருந்து படகுகள் போவது இதன்படிதான். அந்தத் தீவைச் சுற்றி வலை வீசலாம் என்று அந்தப் பிரிவில் இல்லை. 6-ஆவது பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்ற நாட்டின் கடலில் வழக்கமாக அனுபவித்துவந்த உரிமைகள் தொடரும் என்கிறது. மீன்பிடி உரிமை கோருபவர்கள் பிடித்துக்கொள்வது இதை. வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங்கும் மீன்பிடிப்பு, வழிபாடு, கடல் போக்குவரத்து ஆகிய உரிமைகள் காக்கப்பட்டிருப்பதாக நாடாளுமன்றத்தில் சொன்னார். ஆனால் அமைச்சரின் பேச்சு உள்ளூரில் கேட்க ஆறுதலாக இருக்கும். எதிர்த்தரப்பு நாட்டை அது கட்டுப்படுத்தாது.

1976 மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை வகுக்கும் இன்னொரு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே நாளில் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். அனுமதி இல்லாமல் ஒரு நாட்டு மீனவர்கள் மற்ற நாட்டுக் கடற்பகுதியில் மீன்பிடிக்கக் கூடாது என்ற வாசகம் ஒப்பந்தத்துக்குள் இல்லை, அந்தக் கடிதத்தில் இருக்கிறது. ராமேஸ்வரம் மீனவரின் வாழ்க்கையை அதிகம் தொட்ட வாசகம் அது. அப்போது நெருக்கடி நிலை. தமிழ்நாட்டு அரசு ஜனவரி 31 அன்றே கலைக்கப்பட்டிருந்தது. சென்னையிலிருந்து கேள்வி கேட்க ஒரு சட்டமன்றம்கூட இல்லை.

1987 ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தமும் அப்படித்தான். அதை இலங்கையின் வடக்கு கிழக்கு மாகாணங்களின் இணைப்பு, மாகாண சபை என்று நினைவில் வைத்திருக்கிறோம். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் ராணுவமும் பயன்படுத்த விடக் கூடாது, அங்குள்ள எண்ணெய்க் குதங்களை (சேமிப்புத் தொட்டிகளை) இரு நாடும் சேர்ந்து சீரமைக்க வேண்டும் என்பவை ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் உள்ளவை. குதங்களைப் பற்றிய உடன்பாடு ஒருவழியாக 2022 ஜனவரியில் கையெழுத்தானது. வடக்கு கிழக்கு இணைப்போ 2006-இல் இலங்கை உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு முடிந்தது. ஆயுதம் ஏந்திய விடுதலைப் புலிகள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அதே ஆண்டு அக்டோபரில் இந்திய அமைதிப் படை அவர்களோடு போரில் இறங்கியது ஏன் என்பது ஓரளவு புரியும்.

பிறகு நடந்ததற்கெல்லாம் ஒப்பந்தத்தையே காரணம் காட்டுவது

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியோடு செய்த 1919 வெர்சாய் ஒப்பந்தம் ஹிட்லரைக் கொண்டுவந்தது என்று ஒரே வரியில் எழுதுவது சுலபம். ஆனால் ஜெர்மனி கட்ட வேண்டிய 13,200 கோடி தங்க மார்க் என்ற இழப்பீட்டுத் தொகை அந்த ஒப்பந்தத்தில் கிடையாது. அது 1921-இல் தனியாக நிர்ணயிக்கப்பட்டது. 1924-இலும் 1929-இலும் தவணைகளை இளக்கினார்கள். 1932 லோசான் மாநாட்டில் இழப்பீடே ஏறக்குறையக் கைவிடப்பட்டது. ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரியில். ஒப்பந்தம் விட்டுச்சென்ற மனக்கசப்பு உண்மைதான். 1929-க்குப் பிறகு வந்த வேலையின்மையை விட்டுவிட்டு அதை மட்டும் சொன்னால் கதை பாதிதான்.

விலகும் வழியைப் பார்க்காமல் 'ரத்து' என்று எழுதுவது

சில ஒப்பந்தங்களில் விலகுவதற்கென்றே ஒரு பிரிவு இருக்கும். நடுத்தர தூர ஏவுகணைகளை ஒழிக்க அமெரிக்காவும் சோவியத் யூனியனும் 1987-இல் செய்த ஒப்பந்தத்தில் ஆறு மாத நோட்டீஸ் போதும். அமெரிக்கா 2019 பிப்ரவரி 2 அன்று நோட்டீஸ் கொடுத்தது; ஆகஸ்ட் 2 அன்று ஒப்பந்தம் முடிந்தது.

இந்தியாவும் பாகிஸ்தானும் 1960-இல் செய்த சிந்து நதிநீர் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வாசல் இல்லை. இரு நாடுகளும் சேர்ந்து இன்னொரு ஒப்பந்தம் செய்துதான் இதை முடிக்க முடியும் என்கிறது 12-ஆவது பிரிவு. 1965, 1971 போர்களிலும் கார்கில் சண்டையிலும் அது தாக்குப்பிடித்தது. பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், 2025 ஏப்ரல் 23 அன்று, இந்தியா அதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. ரத்து செய்வதாகச் சொல்லவில்லை, பல தலைப்புகள் அப்படித்தான் வந்தன என்றாலும். அந்த ஜூன் மாதமே, இந்த நிறுத்திவைப்பால் தன் அதிகாரம் பறிபோகாது என்று பாகிஸ்தான் கொண்டுபோன தகராறை விசாரிக்கும் ஹேக் நகரிலுள்ள நடுவர் மன்றம் சொன்னது. அந்த மன்றம் அமைந்ததையே தான் ஏற்கவில்லை என்று இந்தியா பதில் சொன்னது.