பழைய ஆஸ்திரேலியக் கால்பந்து வீரரைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜோ ஜான்சன் 1904 முதல் 1906 வரை ஃபிட்ஸ்ராய் அணிக்கு 55 ஆட்டங்கள் ஆடியவர். விக்டோரியன் ஃபுட்பால் லீக்கில் (இன்றைய தேசிய லீக்கான ஏஎஃப்எல்லின் முன்னோடி) ஆடிய முதல் பூர்வகுடி வீரராக அறியப்படுபவர். இந்த 55-ஐ இன்றைய எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்து, ‘கொஞ்ச நாள் ஆடி மறைந்தவர்’ என்று எழுதிவிடுவார்கள். அன்று பருவத்துக்கு 17 சுற்றுகள்தான். அதற்கு மேல் இறுதிக்கட்ட ஆட்டங்கள் சில. அப்படியானால் மூன்று பருவங்களில் 55 என்பது ஏறக்குறைய எல்லா ஆட்டமும். 1904, 1905 இரண்டிலும் ஃபிட்ஸ்ராய்தான் சாம்பியன். பிறகு அவர் பிரன்ஸ்விக் அணிக்குப் போனார். அது லீக்கில் சேராமல் விக்டோரியன் ஃபுட்பால் அசோசியேஷன் என்ற தனி அமைப்பில் ஆடிய அணி என்பதால் லீக் பதிவேட்டில் அந்த ஆண்டுகள் வராது.

இதைவிடப் பெரிய குழி 1897. அசோசியேஷனிலிருந்து எட்டு அணிகள் பிரிந்து லீக்காக ஆடத் தொடங்கிய ஆண்டு அது. இன்றைய அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரமும் அங்கிருந்துதான் எண்ணுகிறது. எசெண்டன் 1891 முதல் 1894 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்றது அந்தக் கணக்கில் இல்லை. அந்த அணியின் நட்சத்திர வீரர் ஆல்பர்ட் தர்குட்டின் புகழே அந்த ஆண்டுகளில் பிறந்ததுதான். லீக் பதிவை மட்டும் பார்த்தால் 50 ஆட்டம்கூட ஆடாதவர்! 1897-98இல் நாலைந்து ஆட்டத்தோடு முடியும் பெயரைக் கண்டால், முதலில் அசோசியேஷன் செய்திகளைப் புரட்டுங்கள். அடுத்து மேற்கு ஆஸ்திரேலியா: தங்க வேட்டைக் காலத்தில் பலர் அங்கே போனார்கள். தர்குட்டும் ஃப்ரீமாண்டிலில் ஆடியவர்தான்.

ஸ்கோரைத் தசமமாகப் படிக்கக் கூடாது. 4.10 என்றால் 4 கோல், 10 பிஹைண்ட் (கோல் கம்பத்துக்கும் பக்கக் கம்பத்துக்கும் நடுவே பந்து போவது). 1897 முதல் கோலுக்கு 6, பிஹைண்டுக்கு 1 என்பதால் மொத்தம் 34, எதிரணி 5.3 எடுத்திருந்தால் 33, அதாவது எதிரணிக்கு ஒரு புள்ளியில் தோல்வி. அதே ஸ்கோர் 1890களின் தொடக்கத்தில் என்றால் 5.3 எடுத்த அணிக்கே வெற்றி, ஏனென்றால் அப்போது கோல் மட்டுமே முடிவைத் தீர்மானித்தது.

ஆட்டத்துக்கு முந்தைய நாள்களில் வரும் தேர்வுப் பட்டியலை வைத்து ஆட்டங்களை எண்ணாதீர்கள். கடைசி நேரத்தில் ஆள் மாறுவது சாதாரணம். சனிக்கிழமை ஆட்டத்துக்குத் திங்கட்கிழமை நாளிதழையும் அடுத்து வரும் வார இதழையும் பாருங்கள். பழைய ஆஸ்திரேலிய நாளிதழ்களை இணையத்தில் தரும் ட்ரோவ் தளத்தில் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் பாதி தப்பிவிடும். கணினி மங்கிய அச்சைத் தப்பாகப் படித்திருக்கும். செய்திகளில் பெரும்பாலும் குடும்பப் பெயர் மட்டுமே இருக்கும். இரண்டு அணிகளின் பெயரோடு தேதியையும் கொடுத்துத் தேடுங்கள். ஜான்சன் போன்ற பெயருக்கு இது கட்டாயம்.

1916இல் ஆடவில்லை என்றால் அணியிலிருந்து நீக்கப்பட்டார் என்று முடிவு கட்டவும் வேண்டாம். போரினால் அந்த ஆண்டு கார்ல்டன், காலிங்வுட், ஃபிட்ஸ்ராய், ரிச்மண்ட் நான்கு மட்டுமே ஆடின. மெல்பர்ன் அணி திரும்பியது 1919இல்தான். அதே போல், 1930 வரை மாற்று வீரரே கிடையாது. அதனால் ‘ஒரே ஆட்டம்’ என்ற பதிவை மாற்று ஆளாகச் சில நிமிடம் இறங்கியதாகக் கொள்ளாதீர்கள். அவர் தொடக்கத்திலேயே களமிறங்கியவர்.