கேஸ் ஷீட் கைக்கு வந்த விதம்

அறுவை சிகிச்சைக்குப் பின் அப்பாவின் காயத்தில் சீழ் பிடித்தது. வேறு டாக்டரிடம் போனால், முழு கேஸ் ஷீட், அதாவது மருத்துவமனையில் இருந்தபோது எழுதிய எல்லா சிகிச்சைப் பதிவுகளும் வேண்டும் என்றார். எங்களிடம் இருந்ததோ டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்.

மருத்துவமனையில் பில்லிங் கவுண்டர், ரெக்கார்டு அறை, மேலாளர் என்று அலையவிட்டார்கள். கோர்ட் கேட்டால்தான் தருவோம் என்றார் மேலாளர். ஈமெயிலுக்குப் பதிலே இல்லை.

கடைசியில் வேலை செய்தது ஒரு மனு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை விதி 1.3.2-இன்படி, நோயாளியோ அவர் அதிகாரம் தந்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். கேட்டதற்கு ஒப்புகை தர வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஒப்புகை இல்லையென்றால் 72 மணி எப்போது தொடங்கியது என்று காட்டவே முடியாது.

அப்பா கையெழுத்திட்ட மனுவில் என்னை அதிகாரம் பெற்றவராகக் குறிப்பிட்டோம். நர்ஸ் குறிப்புகள், மயக்க மருந்துப் பதிவு, ஆபரேஷன் நோட்ஸ் எனப் பெயர் சொல்லியே கேட்டோம். எங்கள் நகலில் தேதி, நேரத்தோடு சீல் வாங்கினேன். உள்நோயாளிப் பதிவுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்திருந்தேன்.

கெடுவுக்குள் கூப்பிட்டார்கள். நகல் கட்டணம் கட்டி, பக்க எண்களைச் சரிபார்த்து வாங்கினேன். புது டாக்டர் அதைப் பார்த்து மருந்தை மாற்றினார். அப்பாடா, காயம் ஆறி வருகிறது.