பழைய கார் வாங்கும் முன்: விலையைக் கடைசியில் பேசுங்கள்

பழைய கார் பார்க்கக் கூப்பிடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எவ்வளவுக்கு முடிக்கலாம்?" என்றுதான். பட்டறைக்காரனாக நான் சொல்வது, விலையைக் கடைசியில் பேசுங்கள். வண்டிக்கு என்னென்ன நடந்தது என்பது விற்பவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-இலேயே இதை விளக்கினார். எது நல்ல வண்டி என்று தெரியாதவர் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் சொல்வார். நன்றாகப் பராமரித்தவருக்கு அது கட்டுப்படியாகாது, விற்காமல் தானே ஓட்டிக்கொள்வார். சந்தையில் மோசமான வண்டிகள்தான் மிஞ்சும்.

சென்னையில் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அப்படிப்பட்டவை பாலிஷ் போட்டுக்கொண்டு விற்பனைக்கு வரும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை, சேற்றுக் கறை அப்படியே கோடாக நிற்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியையும், சீட்டுக்கு அடியில் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், எவ்வளவு சென்ட் அடித்தாலும் ஈர வாடை போகாது. இன்ஜின் வேலையை எப்படியும் முடித்துவிடலாம். ஒயரிங்கில் தண்ணீர் போன வண்டியை மட்டும் தொடாதீர்கள், வருஷக்கணக்கில் உயிரை வாங்கும்.

மீட்டர் 40,000 கிலோமீட்டர் காட்டுகிறது, பிரேக் பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருக்கிறது என்றால் மீட்டரை நம்பாதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரின் பதிவுகளை ஓனரையே வாங்கித் தரச் சொல்லுங்கள்.

சரி, பேப்பருக்கு வருவோம். ஆர்சியில் கடன் கொடுத்த பேங்கின் பெயர் இருந்தால், கடன் பாக்கி இல்லை என்ற பேங்கின் என்ஓசியும், ஆர்சியிலிருந்து பேங்கின் பெயரை நீக்குவதற்கான ஃபார்ம் 35-உம் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அபராத பாக்கி இருக்கிறதா என்று அரசின் பரிவாஹன் இணையதளத்தில் பாருங்கள். ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்துவிடுங்கள். "அப்புறம் மாத்திக்கலாம்" என்ற பேச்சே கூடாது. விற்பவருக்கும் இது முக்கியம். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காமல் ஓட்டியதற்காக அவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, உங்களுக்கு வராது, அதை விலையில் சேர்க்க விடாதீர்கள்.

டீலரிடம் வாங்கினால் அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், 2023 ஏப்ரல் முதல் அதற்கென்றே விதி இருக்கிறது. "ஆக்சிடென்ட் ஆகாத வண்டி", "ஒரே ஓனர்" என்று வாயால் சொல்வதையெல்லாம் பில்லில் எழுதி வாங்குங்கள். பிறகு ஏமாற்றம் தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், வண்டிக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.

தன் சொந்தக் காரை விற்கும் தனி நபர் வியாபாரி அல்ல, அவர்மேல் நுகர்வோர் சட்டம் பொதுவாகப் பாயாது. அங்கே எழுத்துதான் துணை. கிலோமீட்டர், விபத்து விவரம், சாவி கை மாறிய தேதி, நேரம் எல்லாம் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை பேங்க் வழியாக மட்டும் அனுப்புங்கள்.