வெள்ளம் வடிந்த பிறகு குழந்தைகளிடம் நாம் செய்யும் தவறுகள்

மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு 16 கண் மதகில் உபரி நீரைத் திறந்துவிட்டால், பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், கொடுமுடி ஆற்றோரத் தெருக்களில் மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார்கள். 2018, 2022, 2024 என்று பெரியவர்களுக்கு இது பழகிப்போன கதை. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கோ அதுதான் முதல் தடவை. கல்யாண மண்டப முகாமிலிருந்து வீடு திரும்பிய பிறகு, அந்தப் பயத்தைச் சீக்கிரம் வாயடைக்கப் பார்க்கிறோம். தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

"இனிமே தண்ணியே வராது கண்ணு" என்று சத்தியம் செய்யாதீர்கள். ஆற்றோரத்தில் குடியிருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. அடுத்த ஆடியில் தண்ணீர் ஏறினால் உங்கள் பேச்சைக் குழந்தை நம்பாது. "தண்ணி வர்றதுக்கு முன்னாடியே மைக்குல சொல்லுவாங்க, நாம எல்லாரும் சேர்ந்து மண்டபத்துக்குப் போயிடலாம்" என்பது உண்மை. தைரியம் தருவதும் அதுதான்.

இதைவிட மோசம், வெள்ளத்தை வைத்தே மிரட்டுவது. "சோறு உண்கலீனா ஆத்துத் தண்ணி வந்துரும்" என்று விளையாட்டாகத்தான் சொல்கிறோம். ஆனால் சின்னக் குழந்தைகள், நடப்பதற்கெல்லாம் தாங்களே காரணம் என்று நினைக்கும் வயதில் இருக்கிறார்கள். தான் சேட்டை செய்ததால்தான் வீடு முழுகியது என்று ஒரு குழந்தை மனதுக்குள் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமலே இருக்கலாம். கேட்காவிட்டாலும், "இது யார் மேலயும் தப்பில்ல சாமி, மழை அதிகம், அணை நிரம்பிருச்சு" என்று நாமே எடுத்துச் சொல்வது நல்லது.

வாசலில் தீப்பெட்டிகளை வீடு மாதிரி அடுக்கி, மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றி, "எல்லாரும் ஓடுங்க" என்று கத்தி விளையாடும் குழந்தையைப் பார்த்தால் பாட்டிக்குப் பதறும். "அபசகுனம், எடுத்து வை" என்பார். விட்டுவிடுங்கள். பேச்சில் சொல்லத் தெரியாததை அது விளையாட்டில் சொல்கிறது. ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடி, ஒவ்வொரு தடவையும் அழுகையில் முடிந்தால் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, காப்பாற்ற ஒரு பரிசலைக் கொண்டுவந்து சேர்த்து ஆடுங்கள்.

சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் "தண்ணி எப்படி வந்துச்சுன்னு மாமாகிட்ட சொல்லு" என்று ஒப்பிக்க வைப்பது வேறு. தானாகச் சொன்னால் கேளுங்கள், கிளறாதீர்கள். போனில் வெள்ள வீடியோ ஓடும்போதும் குழந்தை பக்கத்தில் வேண்டாம். அது பழைய காட்சி என்று அதற்குப் புரியாது, தண்ணீர் மறுபடியும் வருகிறது என்றே நினைக்கும்.

சேறு வாரும் வேலை முடியட்டும் என்று குழந்தையை அமுச்சி (அம்மாவின் அம்மா) ஊரில் விடுகிறோம். வேறு வழியில்லை, சரி. ஆனால் தூங்கும்போது சொல்லாமல் கிளம்பி வந்துவிடாதீர்கள். விழித்ததும் அம்மாவும் காணோம் என்றால் இரண்டாவது வெள்ளம் அதுதான். எப்போது வருவோம் என்று சொல்லிவிட்டு, சொன்னபடி வாருங்கள். யாராவது இறந்திருந்தால் "ஊருக்குப் போயிருக்காங்க", "தூங்கறாங்க" என்பதும் வேண்டாம். ஊரிலிருந்து திரும்பி வருவார்கள் என்று அது காத்திருக்கும், இல்லையென்றால் தூங்கவே பயப்படும்.

நின்றுபோன படுக்கையை நனைக்கும் பழக்கமும் விரல் சூப்புவதும் திரும்ப வரும். திட்டினால் அதிகமாகும். மந்திரித்து திருநீறு பூசுவதில் தப்பில்லை, பாட்டி மடியில் உட்கார்வதே பாதி மருந்து. ஆனால் "காத்து கருப்பு அடிச்சிருச்சு" என்று குழந்தையின் காதுபடப் பேசினால் பயம் இரண்டாகிவிடும். பால்வாடி திறந்ததும் அனுப்புங்கள். சோற்று வேளை, தூங்கும் வேளை பழையபடி இருக்கட்டும்.

பெரும்பாலான குழந்தைகள் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம், சாப்பாடு, விளையாட்டு சரியாகவில்லை என்றால் அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். பேச்சே நின்றுபோனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-இல் இலவசமாக ஆலோசனை கேட்கலாம், தறிக்குப் போகும் அவசரத்தில் தூக்கம் கெட்டுக் கிடக்கும் அப்பா அம்மாவும் பேசலாம். பெற்றோரைப் பிரிந்து தனியாக நிற்கும் குழந்தையைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.